பால் கூலர் சூடேறும் அரை மணி

அன்புள்ள கண்ணாடிக் கடைக்காரருக்கு,

நான் நலமாக இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வரி வரை அதைத் தேடிக்கொண்டே படிப்பீர்கள். நீங்களும் நம் சுண்டெலியும் நலம்தானே? பல் முளைக்கிற இடத்தில் ஈறு இன்னும் சிவந்திருக்கிறதா? கடைவாய்ப் பல் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே படுத்துமாம். எங்கே படித்தாய் என்று கேட்காதீர்கள். போனில் தேடித் தேடிப் படிக்காதே என்று நீங்கள் சொன்னீர்களே, அங்கேதான் படித்தேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது, எழுதினால் ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவர் வாயை மூடிக்கொண்டுதானே இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சரி, நானும் எழுதியே பதில் சொல்கிறேன். என்னோடு அறையில் தங்கியிருப்பவள், பில் கவுண்டரில் வேலை பார்ப்பவள், "கட்டின புருஷனுக்கே லவ் லெட்டரா? நடத்துங்க, நடத்துங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். விளக்கு அவள் கண்ணில் படாமல் மேசையைத் தள்ளிப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். தினமும் இரவு எட்டு மணிக்கு நான் குழந்தையைப் போனில் பார்த்துப் பேசுவதை நிறுத்தவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதைப் படித்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கட்டும், அதற்குள் வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் உங்கள் அக்கா மாடியில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம், "படிச்ச படிப்புக்கு ஐஸ் பெட்டி பாக்கப் போறா, பெத்த பிள்ளைய விட்டுட்டு" என்று சொன்னார்கள் அல்லவா? வந்ததிலிருந்து அக்காவுக்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அக்கா, இது ஐஸ் பெட்டி இல்லை. இந்த சூப்பர் மார்க்கெட்டில் நீங்கள் பார்க்கிற பால் கூலர், காய்கறி அடுக்கு, ஐஸ்கிரீம் ப்ரீசர் எதற்குள்ளும் இயந்திரம் கிடையாது. எல்லாம் வெறும் அலமாரிகள். இயந்திரங்கள் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் வரிசையாக நிற்கின்றன. அங்கிருந்து குழாய்கள் கிளம்பி, கூரைக்கு மேலே ஓடி, ஒவ்வோர் அலமாரிக்குள்ளும் போய்த் திரும்புகின்றன. அந்த அறைக்குள் நுழைந்தால் சத்தத்தில் நம் குரலே நமக்குக் கேட்காது. முதல் நாள் காதை அடைத்துக்கொண்டு நின்றேன். இப்போது அதில் ஒரு கம்ப்ரஸர் நின்றால்கூட முதுகைக் காட்டிக்கொண்டே சொல்லிவிடுவேன்.

இங்கே முதலில் கற்றுக்கொடுத்தது, குளிர் என்று ஒன்றை யாரும் உண்டாக்குவதே இல்லை என்பதுதான். கல்லூரியில் படித்ததுதான், ஆனால் பரீட்சைக்குப் படித்தது பரீட்சையோடு போய்விட்டது. நாம் சூட்டைத் துடைத்து எடுக்கிறோம், அவ்வளவே. ஈரத் தரையைத் துணியால் துடைத்து, வெளியே கொண்டுபோய்ப் பிழிந்துவிட்டு, அதே துணியோடு திரும்பி வருகிறோமே, அதே வேலை. குழாய்க்குள் ஓடும் கேஸ்தான் துணி. அது அலமாரிக்குள் திரவமாக நுழைந்து, ஆவியாகும்போது அங்கே உள்ள சூட்டை இழுத்துக்கொள்கிறது. தடுப்பூசிக்கு முன் நர்ஸ் பஞ்சால் துடைத்ததும் ஊசி இறங்குவதற்குள்ளேயே சுண்டெலி வீறிட்டாளே, அந்தச் சில்லிப்புதான் இது. பிறகு ஆவி பின்னறைக்கு வர, கம்ப்ரஸர் அதை அழுத்தி மொட்டைமாடிக்கு அனுப்புகிறது. அங்கே விசிறிகள் ஊத ஊதச் சூட்டை வெளியே விட்டுவிட்டு மறுபடி திரவமாகி இறங்கி வருகிறது. மொட்டைமாடியில் அந்த விசிறிகளுக்கு மேல் கையை நீட்டினேன். வெதுவெதுவென்று இருந்தது. பாலிலும் வெண்ணெயிலும் இவ்வளவு சூடா இருந்தது என்று கேட்டேன். "நீ வச்சிருக்கிற சூட்டுக்கு இது கம்மிதான் காலேஜ்" என்று பதில் வந்தது.

சொன்னவர் எங்கள் இயந்திர அறைப் பொறுப்பாளர். உங்கள் வயதுதான் இருக்கும். எல்லோரும் பனிக்கரடி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் அதற்குத்தான் திரும்புகிறார். ப்ரீசர் அறைக்குள் மற்றவர்கள் கம்பளிக் கோட்டோடு போகும்போது இவர் அரைக்கைச் சட்டையோடு போய் நின்றுகொண்டு வீட்டுக் கதை பேசுவார். நான் குறிப்பு எடுப்பதைப் பார்த்து எனக்கு 'காலேஜ்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

இன்னொருவர் பால் அக்கா. பால், தயிர், வெண்ணெய் அடுக்குகிற பொறுப்பு அவருடையது. பால் கூலருக்குக் கதவு கிடையாது. மேலே ஒரு சல்லடை வழியாகக் குளிர்காற்று திரைபோலக் கீழே விழுகிறது, கீழே ஓர் இடுக்கு அதை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தக் காற்றுத் திரைதான் கதவு. காற்று விழுகிறதா என்று பார்க்கச் சல்லடையில் ஒரு காகித நாடாவைக் கட்டியிருக்கிறோம், அது எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். அலமாரியின் பக்கச் சுவரில் ஒரு கோடு போட்டிருக்கிறது. அதைத் தாண்டி எதையும் அடுக்கினால் திரை கிழிந்துவிடும். பால் அக்கா தாண்டுவார். பனிக்கரடி கத்துவார். "கோடு போட்டவன் ஒரு நாளைக்கு இந்தக் கூட்டத்துக்குப் பால் எடுத்துக் குடுத்துப் பாக்கட்டும்" என்று அக்கா சொல்வார். இது தினசரி நடப்பது, இரண்டு பேருக்கும் இது இல்லாவிட்டால் காப்பி இறங்காது.

பயிற்சி முடிவில் ஒரு வேளை முழுவதும் இயந்திர அறையை நான் தனியாகப் பார்த்துக்கொள்ளவேண்டும். தேறினால் நம் வீட்டுக்குப் பக்கத்தில் திறக்கப்போகிற கிளைக்கு அனுப்புவார்கள். நடந்தே வேலைக்குப் போய், மதியம் வந்து அவளுக்கு ஊட்டிவிட்டுத் திரும்பலாம். தேறாவிட்டால் அடுத்த குழுவோடு முதலிலிருந்து.

இப்போது உங்கள் கேள்வி. நான் போனை வைத்ததும் அவள் வாசற்கதவுக்குப் போய் நிற்கிறாள், தொண்டை கட்டும்வரை அழுகிறாள், நான் கூப்பிட முடியாமல்போன நாட்களில் விளையாடிவிட்டுத் தானே தூங்கிவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பொய் சொல்லமாட்டீர்கள், தெரியும். கடையில் ஆள் வந்திருந்தாலும் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே லென்ஸ் பார்க்கிறீர்கள் என்பதும் தெரியும். ஆனால் என்னால் முடியாது. எட்டு மணிக்கு அவள் முகத்தைப் பார்க்காவிட்டால் எனக்கு அடுத்த நாள் ஓடாது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எவ்வளவு நாள் ஒரு முகம் நினைவிருக்கும் சொல்லுங்கள். அவள் அழுகிறாள் என்றால் என்னை நினைவிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதையும் நிறுத்தச் சொல்கிறீர்களா?

போன் வரும். எடுங்கள்.

ஈறில் விரலால் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள், நகத்தை வெட்டிக்கொண்டு. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

கோபத்தோடும் அன்போடும்,
உங்கள் மனைவி

*

அன்புள்ளவருக்கு,

உங்கள் பதில் ஒரே வரிதான். "நீ சொன்னபடியே எட்டு மணிக்குப் போனை அவள்முன் நீட்டுகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். இதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் போய்விட்டது. அந்த வாரத்தில் நான் ஒரு காரியம் செய்துவைத்திருக்கிறேன். வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். நான் நலம்தான், யாருக்கும் அடிபடவில்லை.

அலமாரிக்குள் காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருளுக்குக் காயில் என்று பெயர். கடைக்குள் வருகிற காற்றில் ஈரம் இருக்கும். அது காயிலில் பட்டுப் பனியாக ஒட்டிக்கொள்ளும். விட்டால் பனி தடித்து, காற்று போக வழி இல்லாமல் அடைத்துவிடும். அதனால் ஒரு நாளில் சில தடவை, ஒவ்வொரு கூலருக்கும் கேஸ் வருவதைத் தானாகவே அரை மணி நேரம் நிறுத்திவைப்பார்கள். விசிறி மட்டும் ஓடும், பனி உருகி வடிந்துவிடும். இதை டீஃப்ராஸ்ட் என்கிறார்கள். அந்த அரை மணியில் கூலர் கொஞ்சம் சூடேறும். அது நோய் இல்லை, குளிப்பதுபோல ஒரு வேலை. இதெல்லாம் என் குறிப்பில் அடிக்கோடு போட்டே இருக்கிறது. மூளைக்குத் தெரிந்தது, விரலுக்குத்தான் தெரியவில்லை.

பகல் வேளையில் என்னைத் திரைமுன் உட்காரவைத்திருந்தார்கள். எல்லாக் கூலரின் வெப்பமும் அதில் எண்ணாகத் தெரியும். பால் கூலர் நாலில் இருக்கும். டீஃப்ராஸ்ட் ஆரம்பித்ததும் ஐந்து, ஆறு, ஏழு என்று ஏறியது. சுண்டெலிக்குக் காய்ச்சல் ஏறின அன்று தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதே மாதிரி கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரோ ஒருத்தி இப்போது இந்தப் பாலை எடுத்துப்போய்க் குழந்தைக்குக் கொடுப்பாள் என்று தோன்றியது. திரையின் ஓரத்தில் டீஃப்ராஸ்டை நிறுத்துகிற பொத்தான் இருக்கிறது. அமுக்கினேன். எண் இறங்கி வந்தது. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவுக்காக மறுநாளும் அமுக்கினேன். என் வேளையில் மதியத்துக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று இரண்டு டீஃப்ராஸ்ட் வரும். இரண்டையும் ஒரு நாள்கூட முடிய விடவில்லை. இரவில் தானாக நடப்பவை மட்டும்தான் மிச்சம். வெளியே அடைமழை, நனைந்த குடையும் நனைந்த ஆட்களுமாகக் கடைக்குள் ஒரே ஈரம். யாருக்கும் தெரியாமல் நான் பாலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

நேற்று காலையிலேயே எண் ஏறியது, ஆனால் அது டீஃப்ராஸ்ட் நேரம் இல்லை. எதை அமுக்குவது என்று தெரியவில்லை. ஒன்பது ஆயிற்று. அலாரம் அடித்தது. கடைக்குள் ஓடினேன். விசிறி சத்தம் கேட்டது, காகித நாடா ஆடவில்லை. செத்த பல்லி வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு முன்பே பனிக்கரடி அங்கே நின்று பால் அக்காவைப் பிடித்துக்கொண்டிருந்தார். "கோடு எதுக்குப் போட்டிருக்கு, அழகுக்கா? காத்து போற வழியெல்லாம் டப்பாவ வச்சு அடைச்சா மெஷின் என்ன பண்ணும்?" என்று அவர் கேட்க, "இன்னிக்குக் கோட்டுக்குள்ளதான் இருக்கு. வேணும்னா குனிஞ்சு பாரு. உன் வயிறு விட்டாத்தானே குனிவ" என்று அக்கா சொன்னார். வழக்கமான சண்டைதான் என்று நினைத்தால், அவர் சிரிக்கவில்லை. அன்றே மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிடப்போவதாகவும், அக்காவைக் கிடங்குக்கு மாற்றச் சொல்லப்போவதாகவும் சொன்னார். கிடங்கில் மூட்டை இறக்கவேண்டும். அக்காவுக்கு முட்டி வலி. அக்கா கையிலிருந்த தயிர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார்.

பின்பலகையைக் கழற்றினார்கள். காயில் தெரியவில்லை. சுவர்மாதிரி வெள்ளையாக ஒரே பனி. அந்தப் பக்கம் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, காற்றுக்குத்தான் வழி இல்லை.

அங்கே நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு முதலில் வந்த நினைப்பு, தேர்வு போச்சு, வீட்டுக்குப் போவதும் போச்சு என்பதுதான். அக்காவைப் பற்றிய நினைப்பு இரண்டாவதாகத்தான் வந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை. அக்கா இல்லை, நான்தான் தினமும் டீஃப்ராஸ்டை நிறுத்தினேன் என்று சொன்னேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேனாம், மறுபடி சொல்லச் சொன்னார் பனிக்கரடி. மறுபடியும் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். "சூடேறுதேன்னு பயந்து பயந்து அமுக்கினியா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "இங்க கத்துக்க வர்றவங்க எல்லாரும் எதையாவது கெடுப்பாங்க. தூங்கிக் கெடுத்தவன் இருக்கான், போன் பாத்துக் கெடுத்தவன் இருக்கான். அக்கறையில கெடுத்தது நீதான் முதல் ஆளு" என்று சொல்லிவிட்டு, பாலை எல்லாம் உள்ளே குளிர் அறைக்கு மாற்றச் சொன்னார். எல்லோருமாகத் தள்ளுவண்டியில் ஏற்றி மாற்றினோம். முன்வரிசையில் இருந்தவற்றைக் கொட்டவேண்டியதாயிற்று. பிறகு கூலரை நிறுத்தி, பனி தானாக உருகட்டும் என்று விட்டுவிட்டார்கள். சுத்தியலால் தட்டினால் சீக்கிரம் முடியுமே என்று கேட்டேன். குழாய் கிழிந்தால் கேஸ் எல்லாம் போய்விடும், அவசரப்பட்டு இன்னொன்றையும் கெடுத்துவிடாதே என்றார். பகல் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருந்தது. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

பால் அக்கா மாலை வரை என்னோடு பேசவில்லை. கடைசியில் அவரும் ஒரு துணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "பதறின காரியம் சிதறும்னு சும்மாவா சொன்னாங்க? என் பொழப்பையும் சேத்து உறையவச்சிருப்பியேடி" என்றார். அப்புறம், என் துணியைப் பிடுங்கி, அதைப் பிழியத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே பிழிந்து கொடுத்தார்.

இனி செய்தி. இந்தக் குழுவோடு எனக்குத் தேர்வு இல்லை. அடுத்த குழு முடியும்வரை இங்கேயே இருக்கவேண்டும், அல்லது இப்போதே விட்டுவிட்டு வந்துவிடலாம். பனிக்கரடி இரண்டையும் சொல்லிவிட்டு, முடிவு உன்னுடையது என்றார். விண்ணப்பத்தை நிரப்பியது நீங்கள், கையெழுத்து மட்டும்தான் நான். அதனால் உங்களைக் கேட்கிறேன். வா என்றால் அடுத்த வண்டியில் வந்துவிடுகிறேன். உண்மையைச் சொன்னால், வா என்று நீங்கள் சொல்லவேண்டும் என்றுதான் இருக்கிறது.

உங்கள் அக்காவிடம் இப்போது சொல்லவேண்டாம். ஐஸ் பெட்டியைக்கூடப் பார்க்கத் தெரியவில்லை என்று ஆகிவிடும்.

குழந்தைக்கு மழைக்குக் காதை மூடுங்கள்.

உங்கள் மனைவி

*

அன்புள்ள என்னவருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். "பாதியில் வராதே. வந்தால் கடையில் உனக்கு உட்கார இடம் கிடையாது, உன் நாற்காலியைச் சுண்டெலி எடுத்துக்கொண்டாள்" என்று எழுதியிருந்தீர்கள். காலிச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு, வருகிறவர்களை எல்லாம் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி விரலை நீட்டுகிறாள் என்பதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். அறைக்காரி பார்த்துவிட்டு, "லெட்டர்ல வெங்காயமா வச்சு அனுப்புறாரு?" என்று கேட்டாள்.

நான் இருக்கிறேன். முடித்துவிட்டே வருகிறேன்.

போன வாரம் மறுபடி என் வேளை வந்தபோது பனிக்கரடி என்னைத் திரைமுன் உட்காரவிடவில்லை. ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய்ப் பால் கூலருக்கு எதிரில் போட்டு, "டீஃப்ராஸ்ட் வரும். கையக் கட்டிக்கிட்டு உக்காரு. ஏறும், ஏற விடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடை நடுவில், வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்க, வகுப்புக்கு வெளியே நிறுத்தின பிள்ளைமாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒருவர் என்னிடம் தயிர் எங்கே என்று கேட்டார். பால் அக்கா, "அவங்களுக்கு வேற வேலை இருக்கு, கை கட்டுற வேலை" என்று அவரை அழைத்துக்கொண்டு போனார்.

கூலரின் நெற்றியில் இருக்கிற சின்னத் திரையில் எண் ஏறியது. ஐந்து. ஆறு. ஏழு. கையை அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டேன். எட்டு. உள்ளே எங்கேயோ சொட்டுச் சொட்டாக வடிகிற சத்தம். அப்போது பால் அக்கா நடு அடுக்கிலிருந்து ஒரு பால் பாக்கெட்டை எடுத்து என் கன்னத்தில் வைத்தார். சில்லென்று இருந்தது. பாக்கெட்டுகளுக்கு நடுவே பனிக்கரடி ஏற்கெனவே ஒரு தெர்மாமீட்டரைச் செருகிவைத்திருந்தார், அதில் முள் கொஞ்சம்கூட நகரவில்லை. திரையில் நான் பார்த்துப் பார்த்துப் பயந்தது காற்றின் சூட்டை. பாலுடைய சூட்டை இல்லை. காற்று சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். பால் தன் குளிர்ச்சியைத் தனக்குள் வைத்துக்கொண்டிருக்கிறது, அரை மணி நேரம் யாரும் குளிரவைக்காததற்காக அது மறந்துபோவதில்லை. அரை மணி ஆனதும் எண் தானாக இறங்க ஆரம்பித்தது.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு தத்துவம் வாயில் வந்திருக்கும். சொல்லாதீர்கள். எனக்கே தெரிகிறது.

ஆனால் எனக்குத் தெரிந்தது கூலர் முன்னால் இல்லை. அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான். அன்று எட்டு மணிக்கு வழக்கம்போலக் கூப்பிட்டேன். அவள் திரையில் முத்தம் கொடுத்தாள், நான் கொடுத்தேன், டாட்டா சொன்னோம். எப்போதும் அந்த இடத்தில் நான்தான் முதலில் வைப்பேன். அவள் உதடு பிதுங்குவதற்குள் வைத்துவிடவேண்டும் என்று ஒரு பழக்கம். அன்று கதவை யாரோ தட்ட, போனை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போய் அறைக்காரிக்குத் திறந்துவிட்டேன். திரும்பி வந்தால் இணைப்பு இருக்கிறது. நீங்களும் கவனிக்கவில்லை, போனை எங்கேயோ சாய்த்து வைத்திருந்தீர்கள். நம் வீட்டு வாசற்கதவும் செருப்பு அலமாரியும் தெரிந்தன. அவள் கதவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைக் கூப்பிடவில்லை. முதலில் கதவைத் தட்டினாள். அப்புறம் என் பழைய செருப்பை எடுத்துக் கதவுக்கு நேராக வைத்தாள், இப்போது வந்து போட்டுக்கொள்வேன் என்பதுபோல. அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள். நீங்கள் வந்து தூக்கினீர்கள். அவள் உங்கள் தோளைப் பிடித்துத் தள்ளிக் கதவையே பார்த்துக் கத்தினாள். நீங்கள் அவள் முதுகைத் தடவிக்கொண்டு அங்கேயே நடந்தீர்கள். நடந்துகொண்டே இருந்தீர்கள். நான் போனை அணைக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இத்தனை நாளும் நான் வைத்த பிறகு நடந்தது அதுதானா? நீங்கள் எழுதியது அதில் கால் பங்குகூட இல்லையே. ஏன் முழுசாக எழுதவில்லை என்று கேட்க வாய் வருகிறது. எழுதியிருந்தாலும், அழுகிறாள் என்றால் என்னை நினைவிருக்கிறது என்றுதானே நான் பதில் போட்டிருப்பேன். அவள் ஏங்குவதை நான் தினமும் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்திருக்கிறேன். என் பதற்றம் இறங்குவதற்காக. அதற்கு அவளையும் உங்களையும் அழவைத்திருக்கிறேன். நீங்கள் அழுததையும் பார்த்தேன். அவள் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள்.

இனி எட்டு மணிக்குக் கூப்பிடமாட்டேன். நேற்றும் முந்தாநாளும் கூப்பிடவில்லை, கவனித்திருப்பீர்கள். சுலபமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். ஏழே முக்காலுக்கே விரல் துடிக்கிறது. போனை அறைக்காரியிடம் கொடுத்துவிட்டு, வாளியில் துணியை ஊறப்போட்டுத் துவைக்கிறேன். துவைக்க ஒன்றும் இல்லாவிட்டால் அவளுடைய துணியையும் வாங்கித் துவைக்கிறேன். அவள், "உங்க வீட்டுக்காரருக்கு என் நன்றியச் சொல்லுங்க" என்கிறாள். சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பகலில், அவள் விளையாடிக்கொண்டிருக்கும்போது கூப்பிடுகிறேன். வந்தால் வரட்டும். கட்டையை அடுக்கிக்கொண்டு திரும்பியே பார்க்காவிட்டால் இழுத்து வந்து காட்டவேண்டாம். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உங்களிடம் பேசிவிட்டு வைக்கிறேன். நம் இரண்டு பேருக்கும் சண்டை போடவும் ஒரு நாள் வேண்டுமே.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தட்டாதீர்கள். ஒரு நாள் வரும். அவள் கதவுப்பக்கம் போகாமல், என்னைத் தேடாமல், சாப்பிட்டுவிட்டு உங்கள் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவாள். அன்றைக்கு எனக்கு எழுதுங்கள். மனசு கோணும் என்று மறைக்கவேண்டாம், சமாதானமும் சேர்த்து எழுதவேண்டாம். பல் முளைத்தது, நடை பழகினாள் என்று எழுதுவீர்களே, அந்த மாதிரி நல்ல சேதியாகவே எழுதுங்கள். நானும் அப்படியே படிக்கப் பார்க்கிறேன்.

சுண்டெலி நன்றாகத் தூங்கட்டும். நீங்களும் தூங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் மனைவி